சுண்டுவிரலில் வலி இல்லை

அவிநாசி
18.7.1994

அண்ணா,

என் கையைப் பற்றி நான் எழுதியது உங்களுக்கு. நீங்கள் பதில் எழுதியது அப்பாவுக்கு.

நம் வீட்டில் உங்கள் கடிதங்களைப் படித்துக்காட்டுவது யார் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அப்பா சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்துகொண்டு, "சத்தமாப் படி அம்மணி, அடுப்படில உங்கம்மாளுக்கும் கேக்கோணும்" என்றார். படித்தேன். 'வாணிக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. கழுத்தில் நரம்பு கொஞ்சம் அழுத்தப்படுகிறது. பாதிக்கு மேல் மனப்பதற்றம். கல்யாணப் பேச்சு எடுத்தாலே சில பெண்களுக்கு இப்படி வரும். தேதி குறித்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும்.' பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போது எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்ற வரி உட்பட எல்லாவற்றையும் என் வாயாலேயே படித்தேன். அப்பா, "நரம்புதானா. டாக்டரே சொல்லிப்போட்டான், விடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பொள்ளாச்சிக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் வந்த அன்று, கடைசியாக என்ன புத்தகம் படித்தீர்கள் என்று கேட்டார். நான் சொன்னதும் அதை அவரும் படித்திருப்பதாகச் சொன்னார். அன்று முழுக்கக் கை வலிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாள் அது. கல்யாணத்துக்குப் பயந்து வரும் வலி ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளுமா?

மறுபடி சொல்கிறேன், இம்முறை உங்களுக்கு மட்டும். கரும்பலகையின் மேல் வரியில் எழுதினால் இரண்டு நிமிடத்தில் முழங்கைக்குக் கீழே கனக்கிறது. சாக்பீஸ் நழுவுகிறது. விரல்கள் வெளுத்துவிடுகின்றன. போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், கையெல்லாம் சாக்பீஸ் மாவுங்க, துடைச்சுக்குங்க" என்று கைக்குட்டையை நீட்டினாள். மாவு இல்லை. அது என் தோல்.

இது என் எழுதுகிற கை. எனக்கு இருப்பது என்ன என்று என்னிடம் சொல்லுங்கள்.

வாணி


சென்னை
27.7.1994

அன்புள்ள வாணிக்கு,

உன் கோபம் கிடைத்தது. அப்பாவுக்கு எழுதியது தப்பென்றால் இனி எழுதவில்லை. ஆனால் அவர்தானே வீட்டில் பெரியவர்.

விஷயம் இதுதான். கழுத்தடியில் இருக்கிற காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. கைக்குப் போகிற நரம்புக்கட்டு, ரத்தம் கொண்டுபோகிற தமனி, திரும்பக் கொண்டுவருகிற சிரை, மூன்றும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். இடம் போதாவிட்டால் ஏதோ ஒன்று நசுங்கும். எது நசுங்குகிறதோ அதுதான் நோயின் வகை.

நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேருக்கு நரம்பு. கை மரத்துப்போகும், மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் எறும்பு ஊறும், பிடி தளரும், நாள்பட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றும். சிரை என்றால் திடீரென்று கை முழுவதும் வீங்கி நீலம் பாரிக்கும். உனக்கு வீக்கம் இல்லை. தமனி வகை நூற்றில் ஒருவருக்கு வந்தால் அதிகம். மூன்று வருடமாக இந்த நரம்பியல் வார்டில் இருக்கிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

விரல் வெளுக்கிறதே என்பாய். நரம்பு வகையிலும் வெளுக்கும். ரத்தக்குழாயைச் சுருக்கி விரிக்கிற மெல்லிய நரம்புகள் அதே கட்டில்தான் போகின்றன. ஆகவே குழப்பிக்கொள்ளாதே.

தோளை விரிக்கிற பயிற்சி ஆறு, தனித்தாளில் படம் வரைந்து வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் செய். கையைச் சுவரில் ஊன்றி மேலே ஏற்றுகிற அந்த நான்காவதுதான் முக்கியம்.

நீ நிறையப் படிக்கிறவள். நோயைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் எல்லா நோயும் நமக்கு இருப்பது போலத்தான் தோன்றும். முதல் வருடத்தில் எனக்கே தோன்றியிருக்கிறது.

அன்புடன்,
கிருபாசங்கர்


அவிநாசி
5.9.1994

அண்ணா,

உங்கள் ஆறு பயிற்சிகளையும் ஐந்து வாரம் ஒருநாள் விடாமல் செய்தேன். கை மோசமாகியிருக்கிறது. நான்காவதைச் செய்து முடிப்பதற்குள் விரல்களில் உணர்ச்சியே இருப்பதில்லை.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் கீழே இருப்பது கோபம் இல்லை, பார்த்துக் குறித்து வைத்தவை.

சுண்டுவிரலில் வலி இல்லை. மோதிர விரலிலும் இல்லை. எறும்பு ஊறுவதில்லை. வலிப்பது ஆட்காட்டி விரலும் நடுவிரலும். கையைத் தூக்கினால் வெளுக்கிறது. இறக்கினால் முதலில் நீலம், அப்புறம் சிவப்பு, அப்புறம் எரிச்சல். கோயம்புத்தூர் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றால் கருமத்தம்பட்டி வருவதற்குள் கையை இறக்கியாக வேண்டியிருக்கிறது. கொடியில் புடவை உலர்த்தினாலும் அப்படித்தான். இடது கையில் இது எதுவுமே இல்லை. பக்கத்து வகுப்பு டீச்சரைக் கண்ணை மூடிக்கொண்டு என் இரண்டு கைகளையும் பிடிக்கச் சொன்னேன். "இது ஏனுங்க இப்படிச் சில்லுன்னு இருக்குது?" என்று வலதை உடனே விட்டுவிட்டாள்.

இன்னொன்று. போன வாரம் காய்ச்சலுக்கு இங்கே கிளினிக் போயிருந்தேன். நர்ஸ் சாயிரா பானு ரத்த அழுத்தம் பார்க்க வலது கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி அடித்தாள். "டீச்சர், இந்தக் கையில ஒண்ணும் சரியாக் கேக்க மாட்டேங்குது. அந்தக் கையைக் குடுங்க" என்றாள். இடது கையில் நூற்று இருபது. வலதில் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். "எண்பதோ தொண்ணூறோ. அத விடுங்க டீச்சர், நல்ல கையில எடுத்ததத்தான் எழுதுவோம்."

சீட்டில் நல்ல கை மட்டும்தான் இருக்கிறது, அண்ணா. அவளைக் குறை சொல்லவில்லை. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள்.

நூற்றில் தொண்ணூற்றைந்து என்றீர்கள். கணக்கு எனக்கும் தெரியும். மீதி ஐந்து பேர் எங்கே போய் நிற்பது? அந்த நூற்றில் ஒருத்தி நான் என்றால் எனக்கு அது நூற்றுக்கு நூறு.

வாணி


சென்னை
20.9.1994

வாணிக்கு,

சின்ன கிளினிக்கில் எடுக்கிற ரத்த அழுத்தத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. பட்டை தளர்ந்திருந்தால்கூட அப்படித்தான் காட்டும். வலி எந்த விரல் என்று நோயாளிகள் சொல்வதும் முன்பின் இருக்கும்.

தீபாவளிக்கு வருகிறேன். நானே பார்க்கிறேன். அதுவரை பயிற்சியை விடாதே. அடுத்த மாதம் எனக்குப் பரீட்சை. இதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்காதே.

கிருபாசங்கர்


அவிநாசி
7.11.1994

அண்ணா,

வந்தீர்கள், பார்த்தீர்கள், போய்விட்டீர்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்பதை நீங்கள் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முன்பக்கத்து ஆசாரக் கூடத்தில் மயில்சாமி மாமாவும் இன்னும் நாலைந்து பேரும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். "எங்கே, கையைக் குடு" என்றீர்கள். நான் முந்தானையை வலது தோளுக்கு மேலாக இழுத்துப் போர்த்திக்கொண்டு, எப்போதும் போல, நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கை மடியில் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தபடி மாமாவிடம் திருப்பூரில் அவர் பையன் தொடங்குகிற பனியன் கம்பெனியைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் பிடித்திருந்தீர்கள். "நாடி ஓடுது. கொஞ்சம் சன்னம், அவ்வளவுதான்."

"தேதி குறிச்சுப்போட்டா செரியாப் போயிருமுங்க. அப்புறம் மாப்பிள்ளை கையைத்தான் அமுக்கி உடோணும்" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும்.

"தூக்கினால்தான் வருகிறது" என்றேன். உங்கள் காதில் விழுந்தது. "பாத்துக்கலாம் கண்ணு" என்று காபியை எடுத்துக்கொண்டீர்கள். சென்னையில் ஒரு கூலிக்காரப் பெண் வந்து இதைச் சொன்னால் அவளை எழுந்து நிற்கச் சொல்லியிருப்பீர்கள். நான் உங்கள் தங்கை, அதனால் ஆசாரத்திலேயே முடிந்துவிட்டது.

நேற்றுக் காலையிலிருந்து ஆட்காட்டி விரல் நுனியில், நகத்தை ஒட்டி, மிளகளவு கறுப்பு இருக்கிறது. பட்டாசு சுட்டது என்கிறாள் அம்மா. நான் பட்டாசைத் தொடவே இல்லை. விரலைத் தொட்டால் உயிர் போகிறது. ஊசியால் குத்திப் பார்த்தேன். ரத்தம் வரவில்லை.

இது தகவலுக்கு மட்டும். இனி எழுதுவதாக இல்லை.

கோகிலவாணி


சென்னை
10.11.1994

வாணி,

தந்தி இதற்கு முன்னால் வந்திருக்கும். எதிரே உள்ள மில் ஆபீஸுக்குப் போன் போட்டு அப்பாவையும் கூப்பிட்டுப் பேசினேன். "அரைப் பரீட்சை முடியட்டும்டா" என்றார். கத்திவிட்டேன். நாளைக்கே கோயம்புத்தூர் போ. டாக்டர் அரங்கசாமி ரத்தக்குழாய் அறுவை செய்கிறவர், எனக்கு சீனியர். அவருக்குச் சீட்டு இதோடு இருக்கிறது. சீட்டு வரும்வரை காத்திருக்காதே, தந்தியையே காட்டு.

பயிற்சியை நிறுத்து. இந்த வரியைப் படிக்கும்போதே நிறுத்து. கையைத் தூக்காதே. விரலைச் சூடு காட்டாதே, தேய்க்காதே, மறுபடி ஊசி குத்தாதே.

விரல் நுனி கறுப்பது நரம்பால் வராது. தமனி ஓரிடத்தில் நசுங்கி, அதைத் தாண்டிய இடத்தில் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பில் ரத்தம் உறையும். உறைந்தது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து விரலுக்குப் போய் அடைக்கும். கையை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் பிய்யலாம். அடுத்தது பெரிய துணுக்காக இருந்தால் ஒரு விரலோடு நிற்காது.

இந்த வகையில் அநேகமாக எல்லாருக்கும் கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கும். பிறவியிலேயே இருப்பது. காறை எலும்புக்கு மேலே, கழுத்தோரமாக, விரலால் அழுத்திப் பார். கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? அதன் மேல் துடிப்பு தெரிகிறதா? அரங்கசாமி சாரிடம் சொல்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன்.

கிருபா


சென்னை
4.12.1994

வாணிக்கு,

அரங்கசாமி சாரிடம் நேற்றுப் பேசினேன். நாடி நன்றாக இருக்கிறது, கை சூடாக இருக்கிறது என்றார். ஆட்காட்டி விரலில் ஒரு கணுவோடு போயிற்று. மற்ற விரல்கள் தப்பிவிட்டன. இன்னும் பத்து நாள் போயிருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று அந்த எலும்பைத் தட்டில் வைத்துக் காட்டினார். "தொட்டாலே தெரியுமே கிருபா. நீ பாக்கலியா?" என்றார். நர்ஸுகள் நின்றிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று அப்பா யாரிடமோ சொல்லி எழுதியிருக்கிறார். கத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை. பதினான்கு வருடமாக அம்மாவுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பஸ் கம்பி, கொடிக்கயிறு, நர்ஸ் சொன்னது எல்லாம் எழுதத் தெரிந்தவளுக்கு, கழுத்தில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி எழுத முடியவில்லையா? அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஜூலையிலேயே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருப்பேன். உன் விரல் உன்னிடம் இருந்திருக்கும். பாதியை ஒளித்து வைத்துக்கொண்டு, கண்டுபிடிக்கவில்லை என்று என்மேல் கோபப்படுகிறாய். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை நீ.

ஒரு விஷயம். ஜனவரியில் எங்கள் துறைக் கூட்டம். இந்த மூன்று வகைகளையும் எப்படிப் பிரித்தறிவது என்று மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல உதாரணம் என்று ப்ரொபசர் நினைக்கிறார். எக்ஸ்ரேயும் கையின் போட்டோவும் காட்டுவோம், பெயர் வராது. உன் சம்மதம் எழுத்தில் வேண்டும். முதல் பத்தி இப்படி இருக்கும்: 'இருபத்து நான்கு வயதுப் பெண். முக்கியமான உடற்குறியை நோயாளியும் குடும்பத்தினரும் மறைத்ததால் நோயைக் கண்டறிவது தாமதமாயிற்று.'

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கிருபாசங்கர்


அவிநாசி
19.12.1994

அண்ணா,

இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பேனாவைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மறைத்தேன். உண்மைதான். எப்படி என்று கேளுங்கள்.

எனக்குப் பத்து வயது. நீங்கள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா எண்ணெய் தேய்த்து விடுகிறபோது அவள் கையில் அது தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதா கண்ணு?" இல்லை என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "இத ஆருகிட்டயும் சொல்லாதே. எலும்பு துருத்திக்கிட்டிருக்குதுன்னு தெரிஞ்சா நாளைக்குக் கட்டறவன் ஊட்டுல யோசிப்பாங்க. அண்ணங்கிட்டயும் சொல்லாதே, ஆம்பளப் பசங்க வாய் நிக்காது" என்றாள். அன்றிலிருந்து என் சட்டைக்கெல்லாம் உயர்ந்த கழுத்து. தாவணி போட்ட நாளிலிருந்து வலது தோளையும் சேர்த்துப் போர்த்துவேன். ஊரில் எல்லாரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? மயிலாத்தா மகள் எத்தனை அடக்கம் என்று. நீங்களே உங்கள் நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் கதவுக்கு இந்தப்புறம் இருந்தேன். உள்ளே ஒரு எலும்பை மூடிக்கொண்டிருந்தேன், நீங்கள் அதைக் குணம் என்றீர்கள்.

பதினான்கு வருடம் மூடி வைத்த ஒன்று உடம்பின் பாகமாகவே தோன்றாமல் போய்விடும். கையைப் பற்றி எழுதும்போது கழுத்து என் நினைவுக்கே வரவில்லை. கையும் கழுத்தும் சேர்ந்த விஷயம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கணக்கு டீச்சர். அது தெரிந்தவர் நீங்கள்.

டாக்டர் அரங்கசாமி என்ன செய்தார் என்று சொல்கிறேன். உங்கள் தந்தியைப் படித்தார். அப்பாவை வெளியே இருக்கச் சொன்னார். நர்ஸைக் கூப்பிட்டார். "அம்மா, முந்தானையைக் கொஞ்சம் இறக்கிக்கலாமா, கழுத்தைப் பாக்கணும்" என்றார். நான் இறக்கினேன். இத்தனைதான் அண்ணா. ஒருவர் கேட்டார், நான் இறக்கினேன். இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆகவில்லை, வலது கை தானாக விழுந்துவிட்டது. எலும்பின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து இரண்டையும் எழுதினார். "எத்தனை நாளா இருக்குது இந்த எலும்பு?" என்றார். "பத்து வயசிலிருந்துங்க" என்றேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாமேல் எனக்கு இருக்கிற கோபம் உங்களுடையதைவிடப் பெரியது. ஆனால் அவள் ஐந்தாவதுவரை படித்தவள். எலும்பைப் பார்த்தாள், பயந்தாள், மூடினாள். இத்தனை வருடம் மருத்துவம் படித்த நீங்கள் பார்க்காமலே சொன்னீர்கள். வராந்தாவில் அவளைப் பார்த்துக் கத்தியபோது, அவள் உங்களைத் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது அவளுக்கு. எனக்குத் தெரியும்.

பொள்ளாச்சிக்கு விரலைப் பற்றி நானே எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் ஜனவரியில் பள்ளிக்கூடம் போகிறேன்.

இனி உங்கள் கூட்டத்தின் விஷயம். நீங்கள் எழுதிய முதல் பத்தியில் கையெழுத்துப் போட மாட்டேன். நான் எழுதிய பத்தி இது:

'இருபத்து நான்கு வயது, ஆசிரியை. கையைத் தூக்கினால் வலி, வெளுப்பு, குளிர்ச்சி. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும். சுண்டுவிரலில் இல்லை. வீக்கம் இல்லை. இரண்டு கைகளின் ரத்த அழுத்தத்திலும் முப்பதுக்கு மேல் வித்தியாசம். கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு. அதைத் தாயின் சொல்படி நோயாளி யாரிடமும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் மருத்துவரான அண்ணனுக்கு நான்கு கடிதங்களில் எழுதினாள். அவர் மூன்று வகைகளையும் சரியாக விளக்கிவிட்டு, அதிகம் வருவது எதுவோ அதையே அவளுக்கும் சொன்னார். நேரில் வந்தபோது கையைத் தூக்கச் சொல்லவில்லை. கழுத்தைப் பார்க்கவில்லை. தடுத்திருக்க வேண்டிய பயிற்சியை மூன்றரை மாதம் செய்யச் சொன்னார். அந்த அண்ணன் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறவர்.'

இதில் ஒரு சொல்லும் மாறாமல், உங்கள் ப்ரொபசருக்கும் மாணவர்களுக்கும் முன்னால் எழுந்து நின்று படிக்க முடியுமென்றால், இந்தக் கடிதமே என் சம்மதம். முடியாதென்றால் எக்ஸ்ரேயையும் போட்டோவையும் தபாலில் அனுப்பிவிடுங்கள். வேறு யாருடைய கையாவது கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகிலவாணி